நஞ்சில்லாச் சங்கத் தலைவரும் வெள்ளைப் பாஷாணமும்

"இந்த ஒடம்பு கோயிலுங்க. இதுக்குள்ள ஒரு சொட்டு விசம் நுழையோணும்னா, என்ற பொணத்தைத் தாண்டித்தானுங்க நுழையோணும்."

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துப் பந்தலில் நடந்த கெடா விருந்தில், வரிசையாக விரித்த இலைகளுக்கு முன்னால் நின்று பாலுசாமி இப்படி முழங்கினார். அந்த உடம்புக்குள் போக வேண்டிய விஷம் அதே உடம்பின் பிணத்தை எப்படித் தாண்டும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லார் வாயிலும் எலும்பு இருந்தது. தவிர, எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எதிர்வாதம் செய்வது மரியாதையல்ல. "ஆமாங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, குழம்பு வாளிக்காரரைக் கண்ணால் கூப்பிடுவதே முறை.

பாலுசாமியின் கையில் சொந்தத் தூக்குப்போசி இருந்தது. அதில் கம்மஞ்சோறும் தயிரும் நாலு சின்ன வெங்காயமும். விருந்துக்கு வந்தவர் சாப்பிடாமல் திரும்பினால் அழைத்தவருக்கு அவமானம்; சாப்பிட்டாலோ கோயிலுக்குத் தீட்டு. இந்தச் சிக்கலை அவர் ஐகோர்ட் வக்கீலின் நுட்பத்தோடு தீர்த்து வைத்திருந்தார். பந்தியில் உட்காருவார், இலை போடச் சொல்லுவார், தண்ணீர் தெளித்துத் துடைப்பார், பிறகு தன் போசியைத் திறந்து தனக்குத்தானே பரிமாறிக்கொள்வார். எழுந்து கை கழுவியதும் விருந்து வைத்தவரிடம், "சாப்பாடு பிரமாதமுங்க" என்பார். அதில் பொய்யும் இல்லை.

பாலுசாமி பிறக்கும்போதே மகான் இல்லை. ஐம்பது வயது வரைக்கும் விசைத்தறி ஓட்டும் சாதாரண மனிதராக, கண்டதையும் தின்று நலமாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த யாகூப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கோழிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிருந்து ஒரு கிலோ பிராய்லர் வீட்டுக்கு வரும். மதியத்துக்குள் அது இருந்த தடயமே இருக்காது. அப்படிப்பட்டவரை மாற்றியது ஒரு மின்வெட்டு. தறிகள் நின்று போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனைத் திறந்தவர் கண்ணில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மெதுவான குரலில், தின்பதெல்லாம் விஷம் என்று சொல்லியே மனித குலத்தைக் கொன்றுகொண்டிருக்கும் வீடியோ பட்டது. கரண்ட் வருவதற்குள் பாலுசாமி வேறு ஆளாகிவிட்டார்.

அந்த வாரமே வீட்டிலிருந்த அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வெளியேறின. அடுத்த வாரம் சர்க்கரை, மைதா, பாக்கெட் பால். மாதக் கடைசியில் 'நஞ்சில்லா நல்வாழ்வுச் சங்கம்' உதயமானது. தலைவர் பாலுசாமி. முதல் உறுப்பினர் அவர் மனைவி கருப்பாத்தாள். அவரைச் சேர்த்த விஷயம் அவருக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பெரிய மனிதருக்குத் தகுதியான எதிரி வேண்டும். இதில்தான் கொஞ்சம் நெருக்கடி. பிளாஸ்டிக்கைக் கல்லூரிப் பிள்ளைகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சர்க்கரை உடுமலை ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவரின் கையில் இருந்தது. மைதாவை ஈரோட்டுக்காரர் விடுவதாயில்லை. தேடிப் பார்த்ததில், யாருக்கும் சொந்தமில்லாமல், கேட்பாரற்று, கம்பீரமாக நின்றது ஆர்சனிக். நம் பழைய வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வார்களே, அதுதான். பாலுசாமி அதன் மேல் கை வைத்தார்.

'பாஷாணங்களின் ராஜா' என்ற அவருடைய சொற்பொழிவை ஞாயிற்றுக்கிழமைகளில் தறிக்கூடத்தில் கேட்கலாம். தறிக்கு அன்று விடுமுறை, கேட்பவர்களுக்குத்தான் இல்லை. வாசனையும் ருசியும் இல்லாமல் எத்தனை ராஜாக்களை அது தீர்த்துக் கட்டியது, சீமையில் ஒரு காலத்தில் சுவருக்கு அடித்த பச்சைச் சாயத்தில் எப்படி ஒளிந்திருந்தது, வெளிநாட்டில் முன்பு கோழித் தீவனத்தில் எதற்காகக் கலந்தார்கள், நிலத்தடி நீரிலிருந்து நெற்பயிர் அதை எப்படி உறிஞ்சும் என்று வரிசையாக வரும். சொன்னதில் பொய் குறைவு. சத்தம்தான் அதிகம்.

ஒருநாள் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, பழனியாண்டவர் சிலை ஒன்பது பாஷாணத்தால் ஆனது என்கிறார்களே, அதில் பட்ட சந்தனத்தை மருந்தென்றுதானே வாங்கிச் சாப்பிடுகிறோம் என்று பணிவாகக் கேட்டார். பாலுசாமி அரை நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். சாமிக்கு ஒத்துக்கொள்ளும், ஆசாமிக்கு ஒத்துக்கொள்ளாது என்று தீர்ப்பு வந்தது. கேட்டவர் திருப்தியோடு உட்கார்ந்தார். திருப்தி இல்லாவிட்டாலும் அப்படித்தான் உட்கார வேண்டும்.

இந்தத் தர்மயுத்தத்தில் இரண்டு பேருக்குச் சேதம். ஒருவர் யாகூப். "எங்க கோழி தின்கறது மக்காச்சோளமும் சோயாவும்டா, வேண்ணா நீயே வந்து மோந்து பாரு" என்று அவர் தீவன மூட்டையைப் பிரித்தே காட்டினார். பாலுசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். நட்பு பிழைத்தது, ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் செத்தது. இன்னொருவர் கருப்பாத்தாள். நெல் பாஷாணத்தை உறிஞ்சும் என்று தெரிந்த அன்றே வீட்டில் அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகும் அரிசிம்பருப்பு நின்றுபோனது. கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் அரிசிம்பருப்பு ஆக்காமல் ஆறு வருஷம் ஓட்டினார்கள் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அதன் கொடுமை புரியாது. கருப்பாத்தாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலூரில் இருந்த தங்கச்சி மேல் மட்டும் அவருக்குப் பாசம் பொங்கிப் பொங்கி வந்தது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் போய் வருவார். திரும்பி வரும்போது கையில் நெய் வாசம் அடிக்கும். பாலுசாமி அதைத் தீபத்து நெய் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கத்தின் ஆறாம் ஆண்டு விழா நெருங்கியபோது தலைவரின் உடம்பில் சில அற்புதங்கள் நிகழ ஆரம்பித்தன. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. தொடையிலும் கையிலும் இடிபடாமலே கருநீலத் திட்டுகள் தோன்றின. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். பாலுசாமிக்கு மட்டும் இது என்னவென்று தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் தின்ற விஷமெல்லாம் இப்போது வெளியேறுகிறது. சங்கக் கூட்டத்தில் சட்டைக் கையை மடித்து, "பாருங்க, வந்துட்டிருக்குது" என்று திட்டுகளைக் காட்டினார். உறுப்பினர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு திட்டுக்கூட வந்திருக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் இந்தச் சரித்திரம் இங்கேயே சோகமாக முடிந்திருக்கும். அவரைக் காப்பாற்றியது அவருடைய ஆணவம். தன் சுத்தமான ரத்தத்தைப் பரிசோதித்து, அந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக அச்சடித்து, விழா மேடையில் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. மதியம் போன் வந்தது. பிளக்ஸ் அடிக்கும் கடையிலிருந்து என்று நினைத்து எடுத்தார். லேப் டாக்டரே பேசினார். உடனே கிளம்பிக் கோயமுத்தூர் போங்கள், வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள் என்றார்.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அன்றே சோதனைகளுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் மதியம் டாக்டர் கயல்விழியின் முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அந்தியூர்ப் பக்கத்துப் பெண். கெட்ட செய்தியைக் கூட 'ங்க' போட்டு மென்மையாகச் சொல்லக்கூடியவர். இது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார். எலும்புக்குள்ளே ரத்த அணுக்கள் பாதி வளர்ந்தபடி, மேற்கொண்டு வளராமல் நின்று விடுகின்றன. அதனால் ரத்தம் உறைவதில்லை. இருப்பதிலேயே அவசரமான வகை இது. பெரும்பாலும் முழுசாகக் குணமாகிற வகையும் இதுதான். ஆனால் தள்ளிப் போட முடியாது.

"மூளையில ஒரு கசிவு வந்துட்டா அப்புறம் நம்ம கையில இல்லீங்க. இன்னிக்கே ஆரம்பிச்சாகோணும்."

மருந்து இரண்டு என்றார். ஒன்று மாத்திரை, வைட்டமின் ஏ-யிலிருந்து வந்தது. அப்படியானால் கேரட்டுக்குச் சொந்தமா என்று பாலுசாமி விசாரித்தார். தூரத்துச் சொந்தம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டதும் அவர் முகம் தெளிந்தது. அந்தச் சூட்டிலேயே இரண்டாவது மருந்தின் பெயரைக் கேட்டார்.

"ஆர்சனிக் டிரையாக்சைடுங்க. டிரிப்ஸ்ல ஏத்துவோம்."

எதிரில் இருப்பவர் யாரென்று டாக்டருக்குத் தெரியாது. சுக்கு, மிளகு என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டார். முதலில் சத்தம் போட்டது கருப்பாத்தாள். நேற்று முதல் அழுதுகொண்டே இருந்தவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்கே தெரியாது.

"அம்மணி, அது பாஷாணமுங்க" என்றார் பாலுசாமி.

"ஆமாங்க. வெள்ளைப் பாஷாணந்தான்."

அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே 'பாஷாணங்களின் ராஜா' ஆரம்பமானது. ராஜாக்களில் தொடங்கி, பச்சைச் சாயத்தின் வழியாக, கோழி, நெல் வரைக்கும் ஒன்று விடாமல் வந்தது. நடுவில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, சொன்னது எல்லாமே சரி என்றார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்றார். அதே பாஷாணத்தைச் சுத்தப்படுத்தி, உங்கள் எடைக்குத் தக்கபடி அளந்து, இருதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே அனுப்பினால், வளராமல் முரண்டு பிடிக்கும் அணுக்களை அது வளர வைக்கும். வளராததை ஒழித்துக் கட்டும். அளவு தப்பினால் அது கொலைகாரன் என்பதை நாங்களும் மறக்கவில்லை, அதனால்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கொடுக்கிறோம் என்றார்.

இயற்கையாக ஏதாவது இருக்கிறதா என்று பாலுசாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"இந்த ஆஸ்பத்திரியில இதவிட இயற்கையா வேற ஒண்ணும் இல்லீங்க. பூமியில இருந்து வெட்டி எடுக்கறதுங்க இது."

தன் வாளாலேயே வெட்டுப்பட்டவர் தவணை கேட்டார். ஆண்டு விழா முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றார். யோசிப்பதற்கு நாள் இல்லை என்று சொல்லிவிட்டு, சித்த நேரத்தில் வருகிறேன் என்று டாக்டர் எழுந்து வெளியே போனார். போகும்போது கருப்பாத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கருப்பாத்தாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, ஆறு வருசமா நீங்க எதைப் போட்டீங்களோ அதைத் தின்னேன். ஏன் எதுக்குன்னு ஒருநாள் கேட்டனுங்களா?"

"இல்ல புள்ள."

"இன்னிக்குக் கேக்கறேன். அவிய போடறதை நீங்க ஏத்திக்குங்க."

"சங்கத்துல என்னன்னு சொல்றது? நாலு பேரு சிரிப்பாங்க புள்ள."

"சிரிக்கட்டுமுங்க. நீங்க உக்காந்து கேட்டுக்குங்க. நீங்க இல்லாம போயிட்டா அந்தச் சிரிப்பையும் நாந்தானுங்க தனியா உக்காந்து கேக்கோணும்."

பாலுசாமி அன்று மாலையே வார்டில் படுத்தார்.

ஆனால் கொள்கை அவ்வளவு சுலபத்தில் சாகாது. டிரிப்ஸ் ஏறும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டிலின் மேல் தன் துண்டைப் போர்த்தச் சொன்னார். அவர் வாதம் இது: நான் ஏற்றிக்கொள்ளவில்லை, அவர்கள் ஏற்றுகிறார்கள். திருடன் சுவர் ஏறிக் குதித்தால் கோயில் மேல் குற்றமா? பாலக்காட்டுப் பக்கத்து நர்ஸ் ரம்லா, துண்டை எடுத்தால்தான் சொட்டு எண்ணிப் பார்க்க முடியும் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுவார். அவர் போனதும் பாலுசாமி கருப்பாத்தாளுக்குக் கண்ணைக் காட்டுவார். கருப்பாத்தாள் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

இதற்குள் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோய், கொடுக்க ஆள் தேவைப்பட்டது. செய்தி கேட்டு யாகூப் கடையை மூடிவிட்டு வந்தார். மிஷினில் ஒரு கை, பிஸ்கட்டில் ஒரு கை என்று உட்கார்ந்திருந்து கொடுத்துவிட்டு, வார்டுக்குள் வந்து கட்டிலோரமாக நின்றார். மேலே மஞ்சளாகத் தொங்கிய பையைக் காட்டி, "டே பாலு, முப்பது வருசம் பிராய்லர் தின்ன ஒடம்புல இருந்து வந்ததுடா இது. நாளைக்கு விடியக்காலம் கொக்கரிச்சீன்னா என்னையக் குத்தம் சொல்லாதே" என்றார். பாலுசாமி சிரித்தார். ஈறில் ரத்தம் வந்தது. சிரிக்க வைப்பவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று ரம்லா யாகூபைத் துரத்தினார். அவர் கதவுக் கண்ணாடி வழியாக இறக்கையை அடித்துக் காட்டினார்.

சங்கத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தபோதுதான் உண்மையான சோதனை. தலைவருக்கு என்ன ஏறுகிறது என்று அவர்கள் விசாரித்தார்கள். மண்ணிலிருந்து எடுக்கிற ஒரு தாது என்று பாலுசாமி சொன்னார். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அப்படியானால் நாமும் ஆளுக்கு ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளலாமே, இங்கே கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைக்கலாமே என்று ஒருவர் உற்சாகமாகப் போனை எடுத்தார். பாலுசாமிக்கு வியர்த்துவிட்டது. இவர்கள் தேடிப் பிடித்துத் தின்றும் விடுவார்கள். அப்படித்தான் இவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். துண்டைத் தானே எடுத்தார்.

"அது ஆர்சனிக்குங்க. தொட்டுப்போடாதீங்க. எனக்கு இந்த நோய்க்கு டாக்டர் அளந்து குடுக்கறாங்க. உங்களுக்கு அது விசமுங்க."

இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள். தலைவரைப் பார்த்தார்கள். ஆறு வருஷச் சொற்பொழிவு அவர்கள் கண்ணில் மேலும் கீழும் ஓடியது. கடைசியில் மூத்தவர், "ஆமாங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். படியிறங்கும்போது அவர்கள் சிரித்தது வார்டு வரைக்கும் கேட்டது. கருப்பாத்தாள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டார். பாலுசாமியும் கேட்டார். அவ்வளவு மோசமாக ஒன்றும் இல்லை.

திட்டுகள் மங்கின. ஈறில் ரத்தம் நின்றது. ஒரு மாதம் கழிந்து எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் அணு கண்ணில் படவில்லை என்று டாக்டர் கயல்விழி சொன்னார். ஆனாலும் வேலை முடியவில்லை. இன்னும் சில மாதம் தவணை தவணையாக, வாரத்தில் ஐந்து நாள் வந்து அதே பாஷாணத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார். வீட்டுக்குப் போன அன்று கருப்பாத்தாள் யாரையும் கேட்காமல் அரிசிம்பருப்பு ஆக்கினார். பாலுசாமி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். நெய்யும் கேட்டார்.

ஆண்டு விழா தள்ளிப் போய், பிறகு மறந்தே போனது. பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் வரும் காலை பஸ்ஸில், ஜன்னலோரச் சீட்டில் பாலுசாமியைப் பார்க்கலாம். டிரிப்ஸ் பகுதியில் அவருக்கு வழக்கமான நாற்காலி ஒன்று அமைந்துவிட்டது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால், "ஏனுங்க, நீங்க சொகமா இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பார். முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டு அரைக்கைச் சட்டையில் வர ஆரம்பித்தார். ஊசி குத்தும்போது சுவரைப் பார்ப்பதில்லை. புதிதாக வந்து பயந்திருப்பவர்களிடம், முதல் இரண்டு நாள்தான் அப்படி இருக்கும் என்பார்; அதற்கு மேல் பேச மாட்டார். சொற்பொழிவில்லாத பாலுசாமியைப் பழைய உறுப்பினர்கள் பார்த்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பாட்டில் காலியானது. ரம்லா வந்து, முடிந்தது, கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினார்.

"அம்மணி, சித்த நில்லுங்க" என்றார் பாலுசாமி. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொழாயில இன்னும் ஒரு சாண் நிக்குதுங்க."

"அது பரவால்ல அங்கிள். சும்மா கொஞ்சந்தானே."

"வீணாப் போகுதுங்க. அதையும் எறக்கி உட்டுருங்க."

ரம்லா ஒரு சிறிய உப்புநீர்ப் பாட்டிலை மாட்டி, குழாயில் நின்றதை உள்ளே தள்ளிவிட்டார். அது முழுசாக இறங்குகிற வரைக்கும் பாலுசாமி கையை மடக்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.